தொழுநோய்க் குளிசையால் தோல் கறுத்தால் என்ன செய்யலாம்

தொழுநோய்க்கு மருந்து தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் முகமும் கையும் செம்மை கலந்து கறுத்துக்கொண்டு வருகிறதா? முன்பு வெளிறிக் கிடந்த தேமல்கள் இப்போது சுற்றியிருக்கும் தோலைவிடக் கருமையாகத் தெரிகின்றனவா? பயப்படாதீர்கள், குளிசையை நிறுத்தவும் வேண்டாம். அந்த நிறம் மருந்தால் வருவது. மருந்து முடிந்தபின் மெல்ல மெல்லப் போய்விடும்.

நான் உப்புவெளியில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். திருகோணமலை வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் மருந்து எடுத்து, முழுதாக முடித்தவள். நாள் முழுக்க ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசி, கையை நீட்டி அளவெடுக்கிற தொழில் என்னுடையது. நிறம் மாறியபோது அதை ஒளித்துவைக்க எனக்கு இடமே இருக்கவில்லை. அந்தக் காலத்தில் என்ன செய்தால் உதவியது, எது வீண், எதைக் கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதை இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

மாதம் ஒரு தரம் தருகிற அட்டையில் மூன்று மருந்துகள் இருக்கும். ரிபாம்பிசின், டாப்சோன், குளோபசிமின். வளர்ந்தவர்களுக்கு ஒரு அட்டை 28 நாளுக்கு. முதல் நாள் 600 மில்லிகிராம் ரிபாம்பிசின், 300 மில்லிகிராம் குளோபசிமின், 100 மில்லிகிராம் டாப்சோன். மற்ற 27 நாளும் 50 மில்லிகிராம் குளோபசிமினும் 100 மில்லிகிராம் டாப்சோனும். ஐந்துக்கு மேல் தேமல் இருந்தால் இப்படி 12 அட்டை எடுக்க வேண்டும். எனக்கு அந்த வகைதான்.

இதில் அந்தக் கபில நிற உருண்டைக் குளிசைதான் குளோபசிமின். அது அடிப்படையில் ஒரு சிவப்புச் சாயம். 1954ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளினில் வின்சன்ட் பரி என்ற வேதியியலாளரின் குழு காசநோய்க்கு மருந்து தேடியபோது அதை உருவாக்கியது. காசநோயை விடத் தொழுநோய்க்குத்தான் அது நன்றாக வேலை செய்கிறது என்பது 1960களில் நைஜீரியாவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது தெரியவந்தது. கொழுப்பில் கரைகிற பொருள் என்பதால் தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பிலும், கிருமியை விழுங்குகிற காவல் கலங்களுக்குள்ளும் போய்த் தங்கிவிடும். தொழுநோய்க் கிருமி இருக்கிற தேமலில் அந்தக் கலங்கள் நிறைய. அதனால்தான் தேமல் இருந்த இடம் மற்ற இடத்தைவிட அதிகமாகக் கறுக்கிறது. என் கன்னத்திலும் முழங்கைக்குக் கீழும் இருந்த தேமல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தபோது, நோய் பரவுகிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அந்த ஒரு வசனம் எனக்கு எவ்வளவோ தைரியம் தந்தது.

இந்த மருந்தை எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு அளவில் நிறம் மாறும். வெள்ளை நிறத்தவர்களுக்குச் சிவப்பாகவும், எங்களைப் போன்ற பொதுநிறம், கறுப்பு நிறத்தவர்களுக்குச் செங்கபிலம் முதல் கருங்கபிலம் வரையும் தெரியும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் கொஞ்சம் செங்கபில நிறம் ஏறலாம். வியர்வை, கண்ணீர், சளி, சிறுநீர், மலம் எல்லாவற்றிலும் சாயம் தெரியலாம். பாலூட்டும் தாய் எடுத்தால் தாய்ப்பாலிலும் வரும், குழந்தையின் தோலும் சற்று நிறம் மாறலாம். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் இந்தச் சிகிச்சையைத் தொடரலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதனால் குழந்தையின் நிறத்தைப் பார்த்துப் பதறி நிறுத்தாமல், கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள்.

மாத முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது வேறு கதை. அது ரிபாம்பிசினால் வருவது, ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். கண்ணுக்குள் வைக்கிற மென்லென்ஸ் பாவிப்பவர்கள் சிகிச்சைக் காலத்தில் மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள், லென்ஸில் நிறம் பிடித்துவிடும்.

குளிசையை மட்டும் எடுத்து எறியாதீர்கள்

இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன். கறுப்புக்குப் பயந்து, அட்டையில் கபிலக் குளிசையை மட்டும் விட்டுவிட்டு வெள்ளைக் குளிசையை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த ஒரு தங்கச்சி என் காதோடு அதைத்தான் சொன்னாள். கல்யாணம் பேசி வைத்திருக்கிறார்களாம். அவளுடைய கவலை நியாயமானது. ஆனால் அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாதத்தில் 27 நாளும் உடம்பில் டாப்சோன் மட்டும் தனியாக நிற்கும். டாப்சோனைத் தனியாகக் கொடுத்துக் கொடுத்துத்தான் முன்பு கிருமி அதற்குப் பழகிப்போய் மருந்து பலிக்காமல் போனது. அதனால்தான் 1981ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. அந்தப் பழைய ஆபத்தை நாங்களே வீட்டில் திரும்ப உண்டாக்கலாமா?

இன்னொன்றும் இருக்கிறது. சிகிச்சை நடக்கும்போதோ முடிந்த பின்னோ சிலருக்குக் காய்ச்சலோடு வலிக்கிற சிவந்த கட்டிகள் கிளம்பும், நரம்பு வீங்கும். குளோபசிமினுக்கு அந்த அழற்சியை அடக்குகிற குணமும் உண்டு. அதை எறிந்தால் அந்தப் பாதுகாப்பும் போகிறது. கறுத்த தோல் திரும்ப வெளுக்கும். செத்த நரம்பும் மடங்கிய விரலும் அப்படித் திரும்பி வருவது அரிது. தையல்காரிக்கு விரல் எவ்வளவு பெரிய சொத்து என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, உண்மையிலேயே தாங்க முடியவில்லை, வெளியே இறங்கவே மனம் வரவில்லை என்றால்? டொக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். குளோபசிமினை ஏற்கவே முடியாதவர்களுக்கு அதற்குப் பதில் ஒஃப்லொக்சசின் அல்லது மினோசைக்ளின் கொடுக்கிற வழி இருக்கிறது. அது பொருந்துமா என்று அவர்தான் தீர்மானிக்க வேண்டும். மினோசைக்ளினையும் நெடுநாள் எடுத்தால் சிலருக்குத் தோல் நீலச் சாம்பலாக மாறும். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நானும் கேட்டேன். கேட்டுவிட்டு இருந்த மருந்தையே தொடர்ந்தேன். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது.

ஒருநாள் இரண்டு நாள் தவறிப்போனால் மனம் விட்டுப் போகாமல் அடுத்த நாள் வழக்கம்போல எடுங்கள், தவறியதைச் சேர்த்து இரட்டிப்பாக விழுங்க வேண்டாம். 12 அட்டையையும் 18 மாதத்துக்குள் எடுத்து முடித்தால் சிகிச்சை முழுமைதான். கபிலக் குளிசையைச் சாப்பாட்டோடு எடுங்கள், உடம்பு அதை நன்றாக உறிஞ்சும். நான் இரவுச் சோற்றோடு எடுத்தேன்.

வெயில்

நிறத்தைக் கூட்டுகிறவற்றில் நாங்கள் கட்டுப்படுத்தக் கூடியது வெயில்தான். என் உடம்பில் மூடியிருந்த இடத்துக்கும் திறந்திருந்த இடத்துக்கும் இருந்த வித்தியாசம் கண்கூடு. சட்டைக் கழுத்தின் வெட்டு எங்கே முடிந்ததோ அங்கே கோடு போட்டதுபோல நிறம் மாறியது.

அதனால் உடுப்பைக் கவனியுங்கள். துணி வாங்கும்போது உள்ளே கையை விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் வெயிலும் உள்ளே வரும். மெல்லிய வொயில் உடம்புக்குச் சுகம், ஆனால் இதற்கு உதவாது. நெருக்கமாக நெய்த பொப்ளின் நல்லது. கை மணிக்கட்டு வரை வரட்டும், தளர்வாகத் தையுங்கள், கழுத்தை மேலே ஏற்றி வெட்டச் சொல்லுங்கள். இறுக்கித் தைத்தால் வியர்த்து ஊறி, நீங்களே நாலாம் நாள் கழற்றி எறிவீர்கள். நிலாவெளிப் பக்கம் கடல் தொழிலுக்குப் போகிற அண்ணன்மாருக்கு நான் கழுத்துப் பட்டி உயர்த்திய முழுக்கை சேர்ட் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்குக் குடை பிடிக்கிற வசதி இல்லை. தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில் கீழிருந்தும் வரும். அகலக் கரை வைத்த தொப்பியோடு கழுத்தைச் சுற்றி ஒரு துண்டும் கட்ட வேண்டும்.

தரையில் இருக்கிறவர்களுக்குக் குடை போதும். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை வெளி வேலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். சந்தைக்குப் போவதை நான் விடியலுக்கு மாற்றிக்கொண்டேன். மீனும் புதிதாகக் கிடைத்தது. வெயில் தடுப்புக் கிறீம் வாங்க வசதி இருந்தால் 30 அல்லது அதற்கு மேல் எண் போட்டதை வாங்கி, வெயிலில் இருக்கிற வரை இரண்டு மணிக்கு ஒரு தரம் திரும்பப் பூச வேண்டும். காலையில் ஒரு தரம் தடவிவிட்டுப் போனால் மத்தியானத்துக்கு அது இருக்காது. வசதி இல்லையென்றால் கவலைப்படாதீர்கள், நல்ல துணி அதைவிட நம்பகமானது.

வறட்சி

நிறத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னை அதிகம் வருத்தியது வறட்சி. கணுக்காலுக்கு மேலும் முன்கையிலும் தோல் மீன் செதில்போல வெடித்து உரிந்தது. அதுவும் குளோபசிமினின் வேலைதான். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது திருகோணமலையில் சாதாரணத் தோலே பொரிந்துபோகும், எங்கள் தோலின் நிலையைக் கேட்கவே வேண்டாம். செதில் கூடினால் கறுப்பும் இரட்டிப்பாகத் தெரியும். எண்ணெய்ப் பசை இருந்தால் அதே நிறம் பாதிக் கருமையாகத்தான் கண்ணுக்குப் படும்.

இதற்குச் செலவு குறைவு, பொறுமைதான் வேண்டும். மாலையில் ஒரு பேசினில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கால் இரண்டையும் 15, 20 நிமிடம் ஊற விடுங்கள். கைக்கும் அப்படியே. தடித்த தோல் இருந்தால் கல்லால் மெதுவாகத் தேயுங்கள், பிளேடு வேண்டாம். அப்புறம் துவாயால் அழுத்தித் துடைக்காமல், ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வசிலீனோ பூசுங்கள். ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான் எண்ணெயின் வேலை, காய்ந்த தோலில் பூசினால் பலன் குறைவு. சவர்க்காரத்தை அக்குளுக்கும் மறைவிடத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கை காலுக்குத் தினமும் போட வேண்டாம்.

கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்தால் கறுப்புக் கழன்றுவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி அன்போடு சொன்னார். கன்னியா புனிதமான இடம், போய்க் கும்பிடுங்கள். ஆனால் சாயம் இருப்பது தோலின் உள்ளே, தண்ணீர் அதைத் தொடாது. சுடுதண்ணீர் தோலை மேலும் உலர்த்தும். அதைவிட, உணர்ச்சி குறைந்த கை காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளித்த பிறகுதான் தெரியும். வீட்டிலும் தண்ணீரை நல்ல உணர்ச்சி உள்ள முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கோவில் தேருக்கு வெறுங்காலோடு சுடுமணலில் நடப்பதும் இதே ஆபத்துத்தான். அம்மன் கோபிக்கமாட்டாள், விடியற்காலையில் மணல் குளிர்ந்திருக்கும்போது போங்கள்.

வெளுக்க வைக்கிற கிறீம்களைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும், சிலவற்றில் பாதரசம்கூட இருக்கும். உள்ளே இருக்கிற மருந்துச் சாயத்தை அவை எடுக்காது. தோலை மெலிய வைத்து, டொக்டர் பார்க்க வேண்டிய தேமலையும் மறைத்துவிடும். எலுமிச்சம்புளி தேய்ப்பதும் எரிச்சலைத்தான் தரும்.

துணியில் பிடிக்கும் நிறம்

வியர்வையில் சாயம் வருவதால் வெள்ளை உள்ளாடையிலும் தலையணை உறையிலும் இளஞ்சிவப்பு நிறம் பிடிக்கும். கழற்றிய உடனே குளிர்ந்த தண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஊற வையுங்கள். காய்ந்த பிறகு போகாது. கறை இருக்கிற இடத்தின் மேல் அயர்ன் பண்ணாதீர்கள், சூடு பட்டால் நிறம் ஊன்றிவிடும். பள்ளிக்கூட ஆசிரியர்கள், தாதிமார் போல வெள்ளை உடுத்தே ஆக வேண்டியவர்கள் கழுத்துக்கும் அக்குளுக்கும் உள்ளே கழற்றக் கூடிய லைனிங் துண்டு வைத்துக்கொள்ளலாம். பழைய கொட்டன் துணியில் இரண்டு மூன்று சோடி வெட்டி, ஓரம் அடித்து, அமுக்குப் பொத்தான் வைத்தால் போதும். நான் எனக்குத் தைத்தது பிறகு கிளினிக்கில் பழகிய சிலருக்கும் போனது. அந்த வருடத்துக்குக் கபிலம், கருநீலம், மெரூன் நிறங்களில் வீட்டு உடுப்பு வைத்துக்கொண்டால் துவைக்கிற கவலை குறையும்.

ஆட்கள் கேட்டால்

"என்ன பிள்ளை, இப்பிடிக் கறுத்துப் போனாய்?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. "ஒரு குளிசை எடுக்கிறன் அக்கா, அதாலதான். முடிய மாறிடும்" என்றேன். அது முழு உண்மை. நோயின் பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் கட்டாயம் சொல்லுங்கள், அவர்களும் தோலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் ஒளியாமல் பேசுங்கள்.

என் மாமியார், எங்கே என்னை, முன்பு தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த மட்டக்களப்பு மாந்தீவுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அழுதார். அவர் இளமையில் கேட்டு வளர்ந்தது அப்படி. நோயாளியை ஒதுக்கி வைக்கிற பழக்கம் இலங்கையில் பழையது, ஹெந்தளை தொழுநோய் வைத்தியசாலையை ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டே கட்டினார்கள். இன்று மருந்து தொடங்கிச் சில நாளிலேயே நாங்கள் மற்றவருக்குத் தொற்றாத நிலைக்கு வந்துவிடுகிறோம். ஒரே பாயில் படுக்கலாம், ஒரே பானையில் சாப்பிடலாம். மாமியாரை ஒருநாள் கிளினிக்குக் கூட்டிப்போய் டொக்டர் வாயாலேயே கேட்க வைத்தேன். நான் சொல்லி ஆறாத மனம் அன்றைக்கு ஆறியது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இதையே செய்யுங்கள்.

இந்த நிறம் என்றால் உடனே ஓடுங்கள்

எல்லா நிறமாற்றத்தையும் குளோபசிமின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. கண் மஞ்சளாகி, சாப்பாடு பிடிக்காமல், வயிறு குமட்டினால் அது ஈரல் பிரச்சினையாக இருக்கலாம். உதடும் நகமும் நீலம் பாரித்து மூச்சு வாங்கினாலோ, உள்ளங்கை வெளிறிக் களைத்தாலோ டாப்சோன் இரத்தத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தமாகலாம். தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து அரித்தால் அது டாப்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. இந்த மூன்றிலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள், அங்கே கேட்காமல் அடுத்த குளிசையை விழுங்க வேண்டாம்.

தேமல் கறுப்பது மருந்து. அதே தேமல் திடீரென்று சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால், முழங்கை நரம்பு வலித்தால், கையிலிருந்து சாமான் நழுவினால், கண் இமை மூடாமல் போனால் அது நோயின் எதிர்வினை. அதற்குப் பிரெட்னிசொலோன் கொடுப்பார்கள். தாமதித்தால் நரம்பு போய்விடும், ஆனால் வழக்கமான அட்டையை நிறுத்தச் சொல்லமாட்டார்கள். கடுமையான வயிற்றுவலி வந்தாலும் சொல்லுங்கள், குளோபசிமின் அதிக அளவில் எடுப்பவர்களுக்குக் குடலிலும் படியும்.

முடிந்த பிறகு

கடைசி அட்டை முடிந்த மறுவாரமே கண்ணாடியில் மாற்றம் தேடாதீர்கள். உடம்பில் சேர்ந்த குளோபசிமினில் பாதி வெளியேறவே 70 நாளளவு வேண்டும். மிச்சத்தில் பாதிக்கு இன்னொரு 70 நாள். பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பழைய நிறம் திரும்பும், சிலருக்கு இன்னும் நீளும். தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது. மாதம் ஒரு தரம், ஒரே ஜன்னலடியில், ஒரே காலை நேரத்தில் கையை வைத்துப் படம் எடுத்து வைத்தேன். அதை வரிசையாகப் பார்த்தபோதுதான் நம்பிக்கை வந்தது. எனக்கு முகம் முதலில் தெளிந்தது, பிறகு கை. கால் முன்பக்கம்தான் கடைசி. இந்தக் காலத்திலும் குடையையும் எண்ணெயையும் விடாதீர்கள்.

மருந்து முடிந்து இரண்டு மூன்று வருடம் வரை எதிர்வினை வரலாம். அதனால் நிறம் திரும்பிவிட்டது என்று கிளினிக் அட்டையைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வையுங்கள், வரச் சொன்ன திகதிகளில் போய்க் காட்டுங்கள், குளிக்கும்போது கை காலைத் தொட்டுப் பார்த்து உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள்.